18 வயதும் டாக்சியின் முன்சீட்டும்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "மேட்ரிக் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்கிறவர்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறைய. பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக் காத்திருக்கும், அரசு உதவித்தொகை தரும் சாசா காத்திருக்காது. பிள்ளையைப் பராமரிக்கப் பெற்றவர் கைக்கு வந்துகொண்டிருந்த கேர் டிபென்டன்சி கிராண்ட் 18 வயதோடு நின்றுவிடும். அது தானாக, வயது வந்த மாற்றுத்திறனாளிக்கான டிசபிலிட்டி கிராண்டாக மாறாது. பிள்ளையின் பெயரிலேயே புதிதாக எழுதிப் போட வேண்டும். டாக்டர் அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழசானால் செல்லாது. குறைபாடு 6 முதல் 12 மாதம் நீடிக்கும் என்று டாக்டர் எழுதினால் கிராண்ட் தற்காலிகம், அதற்கு மேல் என்றால் நிரந்தரம்.

இங்கே பெற்றவர்கள் செய்கிற தப்பு, பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவது. "நல்லாப் பேசுவான் டாக்டர்" என்ற ஒரு வார்த்தை போதும், மனு கவிழ. குளிக்க எத்தனை தடவை சொல்ல வேண்டும், சில்லறை எண்ணத் தெரியுமா, பஸ் வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள்.

அதற்கு முன்னால் அடையாள அட்டை. 16 வயதிலேயே எடுக்கலாம், முதல் அட்டைக்குக் காசில்லை. சிக்கல் கைரேகையில்தான்: முன்பின் தெரியாதவர் விரலைப் பிடித்தால் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடி மேசையில் நான்கு விரலையும் அழுத்தி, பத்து எண்ணும்வரை வைத்துப் பழக்குங்கள். மாதக் கடைசியில், அட்டை தரும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலகம் பக்கம் போகவே வேண்டாம்.

தாள் வேலை இவ்வளவுதான். கஷ்டமானது டாக்சி, அதாவது பலர் சேர்ந்து போகிற மினிபஸ். தனியாகப் போய்வரத் தெரியாவிட்டால், கிடைத்த வேலையும் கையில் நிற்காது.

கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் இறங்குவது மட்டும்: நெருங்கும்போது "ஆஃப்டர் ரோபோ" (சிக்னல் தாண்டி நிறுத்துங்கள்) என்று சத்தமாகச் சொல்லி இறங்குவது. மற்றதெல்லாம் நீங்கள் செய்யுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு அதையே ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதிய அட்டை. பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினால் அவர் குரல் கொடுப்பார். மூன்று பயணம் உதவியில்லாமல் முடிந்த பிறகு காசு கொடுப்பதைச் சேருங்கள். சரியான சில்லறையை முந்தின இரவே சின்னப் பையில் போட்டு வைக்க வேண்டும். கையைக் காட்டி வண்டியை நிறுத்துவது கடைசிப் பாடம்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தால், பிள்ளை கற்பது ரோபோவை அல்ல, முழங்கையை. வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான், அந்தப் பழக்கத்தை விடுவிப்பது இன்னும் பாடு. அடுத்த வாரம் பின்சீட்டுக்குப் போங்கள். அதற்கடுத்து, இறங்குமிடத்தில் போய் நில்லுங்கள்.

முன்சீட்டில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். பல வண்டிகளில் அங்கே உட்காருகிறவர்தான் எல்லார் காசையும் வாங்கி எண்ணி, மிச்சம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கணக்கில் கெட்டியான பிள்ளைக்குக்கூட, பாட்டுச் சத்தத்தில் பின்னாலிருந்து நாலு கை ஒரே நேரத்தில் நீண்டால் தலை சுற்றிவிடும். ஜன்னலோர இரண்டாம் வரிசை, காதில் ஹெட்ஃபோன். ஆனால் பாதி ஒலியில்.