அச்செத்தூராவில் மரங்களுக்குக் கல்யாணம், வீட்டில் அம்மா ராஜ்யம்

முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இத்தாலியில் மரக் கல்யாணத் திருவிழா பார்க்கப் போயிருந்தோம். மத்தேரா நகரத்திலிருந்து திருவிழா நடக்கும் அச்செத்தூராவுக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. சனிக்கிழமை மதிய பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று பார்த்தால், டிக்கெட்டை பஸ்ஸில் தர மாட்டார்களாம். சிகரெட்டும் ஸ்டாம்பும் விற்கிற தபாக்கேரியா கடையில்தான் வாங்க வேண்டும். அந்தக் கடை மதியம் ஷட்டரை இறக்கினால் சாயங்காலம்தான் திறக்கும். பஸ் மூன்று மணிக்கு, கடை ஐந்து மணிக்கு. இதை யார் யோசித்து வைத்தார்களோ!

ஞாயிறு காலை ஒருவர் 90 யூரோ என்று பேசி ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது 130 கேட்கிறார். பெட்டிக்குத் தனி, பண்டிகை நாளுக்குத் தனி, வண்டி காலியாகத் திரும்புவதற்குத் தனி. நடுத்தெருவில் நின்று மல்லுக்கட்டி 110-க்கு இறக்கினேன். எனக்கு உடைந்த இத்தாலியன் வரும், என் கணவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. பேரம் பேசியது முழுக்க நான். அவர் பதில் சொன்னது முழுக்க என் கணவரைப் பார்த்து. மீதிச் சில்லறையைக்கூட அவர் கையில்தான் கொடுத்தார். காசு போனதைவிட இதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, ஊருக்கு வருவோம். அச்செத்தூரா, தெற்கு இத்தாலியின் பாசிலிக்காத்தா மாநிலத்தில் மலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். ஊரைக் காக்கும் புனிதர் ஜூலியானோ. ஒவ்வொரு வருஷமும், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இங்கே இரண்டு மரங்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். பண்டிகையின் பெயர் மாஜோ. மாப்பிள்ளை, மொந்தேபியானோ காட்டில் வெட்டின நெட்டையான ஓக் மரம். மணப்பெண், கல்லிப்போலி கொஞ்ஞாத்தோ காட்டிலிருந்து வரும் ஹோலி மரம், கிறிஸ்துமஸ் படங்களில் முள் இலையும் சிவப்புப் பழமுமாக இருக்குமே, அது. ஓக்கை ஜோடி ஜோடியாகப் பூட்டின மாடுகள் இழுத்து வருகின்றன. ஹோலியை இளவட்டங்கள் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஓக்கின் உச்சியில் ஹோலியைப் பொருத்தி, கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தி, அப்புறம் அதில் ஆட்கள் ஏறுகிறார்கள். கீழே நிற்கும் எனக்குக் கைகால் நடுங்கியது. இப்படி ஒரு திருவிழாவை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான் சொல்வேன். ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்து வரிசையில் நிற்கும் நேரத்தை இங்கே செலவழிக்கலாம்.

மாட்டை ஓட்டுவது, மரம் வெட்டுவது, கயிறு பிடிப்பது, ஏறுவது, எல்லாம் ஆண்கள் வேலை. ஹோலியோடு நடந்து வந்த கூட்டத்தில் இப்போது இளம்பெண்களும் இருந்தார்கள், பாட்டிகள் காலத்தில் அது நினைத்தே பார்க்க முடியாது என்றார்கள். பெண்களுக்கென்று இருப்பது சென்தே. மெழுகுவர்த்திகளை அடுக்கிக் கோபுரம் மாதிரி கட்டி, ரிப்பனும் பூவும் வைத்து, அதைத் தலையில் சுமந்து புனிதரின் ஊர்வலத்தில் போகிறார்கள். முளைப்பாரி எடுத்துப் போகிற பெண்களின் அதே நடை. கழுத்து அசையாது, பார்வை நேராக இருக்கும். ஒரு அம்மா பக்கத்தில் வந்தவளிடம் தலையைத் திருப்பாமலே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள், கோபுரம் இம்மியும் சாயவில்லை.

வழி நெடுகச் சாப்பாடு. வீட்டு வாசலில் மேசை போட்டு ரொட்டி, சலாமி, சீஸ், ஒயின் என்று போகிற வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. டாக்சியில் விட்டதில் ஒரு பகுதி இங்கே திரும்பக் கிடைத்தது. மேசைக்கு முன்னால் நின்று ஒயின் ஊற்றுகிறவர்கள் ஆண்கள். உள்ளேயிருந்து தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எட்டிப் பார்த்தேன், சமையற்கட்டில் ஆறு பெண்கள். காளை மாடுகள் தெருவைக் கடந்தபோது வாசலுக்கு ஓடிவந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்கள்.

நாங்கள் தங்கின வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. நொன்னா என்றே நானும் கூப்பிட்டேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், ஆலிவ் மரங்கள், ஆடுகள். மாடியில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். பேத்திக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் என் இத்தாலியனுக்கு எட்டாதது எல்லாம் அவள் வழியாக வந்தது.

அந்த வீட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நொன்னா காலையிலேயே ரவை மாவை வெறும் தண்ணீரில் பிசைந்து, கயிறாகத் திரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றையும் மூன்று விரலால் பலகையில் அழுத்தித் தன் பக்கமாக இழுத்தார். ஒரு இழுப்பு, ஒரு ஸ்த்ராஷினாத்தி, அதுதான் இந்தப் பாஸ்தாவின் பெயர். மூன்று விரல் தடமும் அதில் பள்ளமாக நிற்கும், குழம்பு தங்குவது அதில்தான். நான் இழுத்தது எல்லாம் ஓரத்தில் கிழிந்தது, அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தார். சேனிசே ஊர்ச் சிவப்பு மிளகாய், காரமே இருக்காது, மாலையாகக் கோத்துக் காய வைத்திருந்ததை எண்ணெயில் போட்ட சில நொடியில் எடுத்தார். ஆறினதும் நொறுங்குகிறது. க்ரூஸ்கி என்கிறார்கள். அதையும் வறுத்த ரொட்டித் தூளையும் பாஸ்தா மேல் தூவினால், அவ்வளவுதான். சீஸ் வாங்கக் காசில்லாத வீடுகளில் சீஸுக்குப் பதிலாக வந்தது அந்த ரொட்டித் தூள். எனக்கு அது சீஸைவிடப் பிடித்தது. ரோமில் 18 யூரோ கொடுத்துச் சாப்பிட்ட பாஸ்தாவை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது.

மேசையின் தலைப்பக்கம் தாத்தா. முதல் தட்டு அவருக்கு, இரண்டாவது என் கணவருக்கு, மூன்றாவது தட்டு அவர்கள் மகனுக்கு. அதற்கப்புறம் நான், பேத்தி, மருமகள். நொன்னாவுக்கு நாற்காலி இருந்தது, அவர் அதில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒரு கை அடுப்பில், ஒரு கண் தாத்தா தட்டில். தாத்தாவும் மகனும் சும்மா இருக்கிறவர்கள் என்று சொல்லவில்லை. விறகு, ஒயின், ஆடு, பன்றி அறுப்பது அவர்கள் வேலை. ஆகஸ்டில் வருஷத்துக்கான தக்காளிச் சாறு போடும்போது அண்டாவைத் தூக்குவதும் நெருப்பைப் பார்ப்பதும் அவர்கள்தான். ஆனால் அந்த வேலைகளுக்கெல்லாம் பருவம் உண்டு, முடிவு உண்டு. தட்டுக் கழுவுவதற்கு என்ன பருவம்?

இத்தாலியில் எங்கே போனாலும் மம்மா, மம்மா என்று உருகுவார்கள். வீட்டில் அவள்தான் ராணி, அவள் சொன்னதுதான் சட்டம் என்று மகன் என்னிடம் பெருமையாகச் சொன்னார். உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. ராணி என்றால் உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? இந்தப் புகழ்ச்சி பெண்களுக்குக் கொடுக்கும் மிக மலிவான கூலி, எந்த ஊரிலும் இதையேதான் சொல்வேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நொன்னா தன் கொர்ரேதோவைக் காட்டினார். கல்யாணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து கொண்டுவரும் துணிச் சீர் அது. ஒரு மரப்பெட்டி நிறைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, துண்டு, எல்லாம் பன்னிரண்டு பன்னிரண்டாக. வசதியைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். கல்யாணத்துக்கு முன் பரப்பி வைத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பட்டியல் எழுதி வாங்கிக்கொள்வார்களாம். பத்து வயதில் தையலுக்கு உட்கார வைத்தார்கள் என்றார். விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து, அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். மடித்த இடம் பழுப்பேறி இருந்தது, நடுப்பகுதி இன்னும் வெள்ளை. அதில் பாதியைப் பிரிக்கவே இல்லையாம், நல்ல நாளுக்கென்று வைத்திருந்தாராம். பேத்திக்கு அதில் ஒன்றும் வேண்டாம், இஸ்திரி போட யாருக்கு நேரம் என்கிறாள்.

நொன்னாவுக்குக் கல்யாணமானது 1962-இல். அடுத்த வருஷமே தாத்தா ஜெர்மனிக்குப் போய்விட்டார். 1955-இல் இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போட்டதற்குப் பிறகு தெற்கு மலையூர்களிலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மனைவிகள் ஊரிலேயே இருந்தார்கள். வெள்ளை விதவைகள் என்று அவர்களுக்குப் பெயர். நிலம், ஆடு, மாமியார், இரண்டு பிள்ளைகள், மணியார்டர் கணக்கு, எல்லாம் நொன்னா தலையில். கோதுமை விற்கும் விலையைத் தானே பேசியிருக்கிறார். ஆனால் சட்டப்படி குடும்பத் தலைவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கார்த் தொழிற்சாலையில் இருந்தார். குழந்தைகள் விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது, குடும்பம் எங்கே வசிக்கும் என்பதும் அவர் முடிவு.

ஊர்க் கண் வேறு. மாமியார் இல்லாமல் சந்தைக்குப் போக முடியாது என்றார். அதற்கும் பின்னால் சட்டம் இருந்தது. மனைவி வேறொருவனோடு ஒரு தடவை போனாலே குற்றம், சிறை. கணவன் வெளிப்படையாக இன்னொருத்தியை வைத்துக் குடித்தனம் நடத்தினால்தான் குற்றம். இந்தப் பாகுபாட்டை அரசியல் சாசன நீதிமன்றம் 1968-இல் நீக்கியது. கணவனே குடும்பத் தலைவன் என்பதை 1975-இன் குடும்பச் சட்டம் ஒழித்து இருவருக்கும் சம உரிமை கொடுத்தது, சட்டப்படியான வரதட்சணை ஏற்பாட்டையும் அதுவே தடை செய்தது. மானத்தைக் காக்கக் கொன்றேன் என்றால் தண்டனையைக் குறைக்கும் பிரிவு 1981 வரை இருந்திருக்கிறது! மறுமலர்ச்சி ஓவியம் பார்க்கப் போகும் நாடு இது, நம் அம்மாக்கள் பள்ளிக்கூடம் போன காலம் அது.

தாத்தா திரும்பி வந்த அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கணக்கு நோட்டை அவர் முன்னால் வைத்தாராம். அவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாராம். இன்றும் அந்த வீட்டுப் பணம் நொன்னா கையில்தான்.

ஆனால் நொன்னா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் போக மத்தேராவுக்கோ பொத்தென்சாவுக்கோ மகன் லீவு போட்டுக் கூட்டிப்போக வேண்டும். என்னைப் படுத்திய அந்த பஸ் கால அட்டவணை, வருஷம் முழுக்க இவரைப் போன்றவர்களை வீட்டில் கட்டிப்போடுகிறது. சுற்றுலாவுக்குப் போஸ்டர் அடிக்கிறவர்கள் முதலில் ஒரு ஞாயிறு பஸ் விடட்டும்.

பக்கத்து வீட்டு வாசலில் தொண்ணூறு வயதுக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டிருந்தார் ருமேனியாவிலிருந்து வந்த ஒரு பெண். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் இவர்களை பதாந்தே என்கிறார்கள். ருமேனியா, உக்ரைன், மால்டோவாவிலிருந்து வந்தவர்கள் இத்தாலி முழுக்க இந்த வேலையில் இருக்கிறார்கள். கிழவரின் மகள் வடக்கே தூரின் நகரத்தில். முன்பு வீட்டுப் பெண் சம்பளமில்லாமல் செய்ததை இப்போது வேறு நாட்டுப் பெண் சம்பளத்துக்குச் செய்கிறாள். அவளுடைய பையன் ருமேனியாவில் அவள் அம்மாவிடம் வளர்கிறான், போனில் படம் காட்டினாள். பார்த்துக்கொள்கிறவர்களின் இந்தச் சங்கிலியில் ஒரு ஆண்கூட வரவில்லை.

இத்தாலியில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேல்தான் சம்பள வேலையில் இருக்கிறார்கள். தெற்கில் இது மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.2 குழந்தைகூட இல்லை. பெண்கள் பிள்ளை பெற மறுக்கிறார்கள் என்று டிவியில் புலம்புகிறார்களாம். பகலில் குழந்தையை விட்டுவிட்டுப் போகக் காப்பகம் இல்லை, வேலை இல்லை, பஸ் இல்லை, மூன்று தலைமுறைக்குச் சமைக்க வேண்டும், பிறகு எப்படி?

திரும்பும் வழியில் மத்தேரா. அங்கே பாறையைக் குடைந்த குகை வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பழைய குடித்தனம் அப்படியே வைத்திருக்கும் குகை வீட்டு அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள், சில யூரோதான். ஒரே அறையில் பெற்றோர், பிள்ளைகள், கோவேறு கழுதை, கோழிகள். 1952-இல் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். குகைகள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி இருந்தன, பெயர் விச்சினாத்தோ. அங்கேதான் பெண்கள் துவைத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், மாவு கடன் வாங்கினார்கள். வீட்டில் பிசைந்த ரொட்டியைப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது அடையாளத்துக்கு மர முத்திரை குத்துவார்கள், அதில் குடும்பத் தலைவர் பெயரின் எழுத்து. பிசைந்தவள் பெயர் இல்லை. அதே குகைகளில் இப்போது ஓட்டல்கள், ஒரு ராத்திரிக்கு 200 யூரோ கேட்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

பட்ஜெட் கேட்பீர்கள். நொன்னா வீட்டில் இரண்டு பேருக்கு அறையும் காலை உணவும் 60 யூரோ, ராத்திரிச் சாப்பாடு தலைக்கு 20. மாஜோ சமயத்தில் போவதானால் மாதக்கணக்கில் முன்பே சொல்லி வையுங்கள், ஊரில் அறைகள் குறைவு. விமானம் இறங்கும் பாரி நகரத்திலேயே கார் வாடகைக்கு எடுப்பது டாக்சியைவிட மலிவு. விவசாயக் குடும்பங்கள் விருந்தாளிகளை வைத்துச் சம்பாதிக்க 1985-இல் தனிச் சட்டமே வந்தது, அக்ரிதூரிஸ்மோ என்ற பலகையைப் பார்த்துத் தேடுங்கள். இந்த வீட்டு அறைகள் மருமகள் பெயரில் பதிவாகியிருக்கின்றன, வருமானம் அவள் கணக்குக்குப் போகிறது. அதே பாஸ்தா, அதே விரிப்பு, இப்போது அதற்கு ரசீது உண்டு. முன்பதிவு ஆப் வழியாகப் போனால் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், அதனால் நேரடியாகப் போன் செய்து அவளிடமே பணத்தைக் கொடுங்கள்.