பிசிஆர் செய்முறைத் தேர்வு: கருவிக்கு முன்னால் நடப்பதைப் படியுங்கள்

நெல்லைப் பக்கம் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ படிக்கும் தம்பி தங்கைகள், செய்முறைத் தேர்வு நெருங்கும்போது பிசிஆர் (மரபுப்பொருளின் ஒரு துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கிக் கண்டறியும் முறை) பாடத்தை எப்படித் தயாரிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேரி முல்லிஸ் 1983-இல் இம்முறையைக் கண்டறிந்ததையும், 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றதையும், பெருக்கத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் வரும் 95, 55, 72 டிகிரி என்ற மூன்று வெப்பநிலைகளையும் அவர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். நான் படித்த காலத்திலும், பின்னர் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோதும் கண்டது என்னவென்றால், மாணவரைத் திணறடிக்கும் வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகள் பெரும்பாலும் கருவியைப் பற்றியவை அல்ல. மாதிரி கருவிக்குள் போகும் முன் நடந்தவற்றைப் பற்றியவை.

முதலில் காய்ச்சலின் நாளைக் கணக்கிடப் பழகுங்கள். 2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூர் பகுதியில், டெங்கு கடுமையாகப் பரவியதை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இங்கே டெங்குவை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்பது எளிது. காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருக்கும் என்பதால், அப்போது ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் பிசிஆர்) அல்லது வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை பயன்படும். அதன் பிறகு வைரஸ் இரத்தத்திலிருந்து குறைந்து உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் மேலெழும் என்பதால், அதைத் தேடும் எலிசா முறையே பொருந்தும். எட்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் பிசிஆர் நெகட்டிவ் என்று வந்தால் டெங்கு இல்லை என்று சொல்லலாமா என்று கேட்டால், நாளைக் காரணம் காட்டி மறுக்கத் தெரிய வேண்டும். இதற்கு நேர்மாறான நிலைமையையும் சேர்த்துப் படியுங்கள்: எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் உடலில் தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை தங்கியிருக்கக்கூடும் என்பதால், அங்கே எதிர்ப்பொருள் பரிசோதனையை நம்ப முடியாது, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர்தான் விடை தரும்.

அடுத்தது மாதிரி. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த குழாயில் எடுத்த இரத்தம் பிசிஆருக்கு உதவாது, ஏனெனில் பிரதிகளை உருவாக்கும் பாலிமரேஸ் நொதியின் வேலையை ஹெபாரின் தடுக்கும். இடிடிஏ என்ற வேறொரு உறைதடுப்பான் உள்ள குழாயே சரி. மூக்குத் தொண்டை ஸ்வாப் எடுக்க மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சும் ஆகாது, செயற்கை இழை ஸ்வாப்தான் வேண்டும். திசையன்விளையிலோ இராதாபுரத்திலோ எடுத்த ஸ்வாப், உச்சி வெயிலில் வண்டியேறிப் பாளையங்கோட்டை வந்து சேரும் வரை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்பதைப் பெட்டியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க நேர்ந்தால் மைனஸ் 70 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆர்என்ஏ எளிதில் சிதையும். அதைச் சிதைக்கும் நொதி நம் கைத்தோலிலேயே இருப்பதால்தான் கையுறையை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள்.

இனி அறைகள். வினைக்கலவை தயாரிப்பு, மரபுப்பொருள் பிரித்தெடுப்பு, பெருக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பதும், ஆட்களும் பொருட்களும் ஒரே திசையில்தான் நகர வேண்டும் என்பதும் ரெக்கார்டு நோட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும். ஆனால் காரணத்தை விரித்துச் சொல்பவருக்கே மதிப்பெண். 40 சுழற்சி முடிந்த குழாயில் பெருகிய பிரதிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதைத் திறந்தால் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத துளி, மறுநாள் கலவையில் விழுந்து நோயே இல்லாதவரைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். இதைக் காட்டிக் கொடுப்பதற்காகவே மாதிரி சேர்க்காத கண்ட்ரோல் குழாய் வைக்கப்படுகிறது. அதில் வளைவு (பெருக்கம் நடப்பதைத் திரையில் காட்டும் கோடு) எழுந்தால் அந்த ஓட்டத்தின் பாசிட்டிவ் முடிவுகள் எதையும் வெளியிடக்கூடாது.

முடிவை வாசிப்பதில் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. கொரோனா பரிசோதனையில் ஆர்னேஸ்-பி என்ற மனித மரபணுவையும் சேர்த்துத் தேடுவார்கள். வைரஸுக்கும் அதற்கும் வளைவு எழவில்லை என்றால் அது நெகட்டிவ் அன்று, செல்லாத பரிசோதனை. ஸ்வாப்பில் செல்களே வராமல் போயிருக்கலாம், பிரித்தெடுப்பில் ஆர்என்ஏ கிடைக்காமலும் போயிருக்கலாம். சிடி மதிப்பைப் (எத்தனையாவது சுழற்சியில் வளைவு குறித்த அளவைத் தாண்டுகிறது என்ற எண்) பொறுத்தவரை, ஒவ்வொரு சுழற்சியிலும் பிரதிகள் இரட்டிப்பாகும் என்று கொண்டால், சிடி 20 காட்டும் மாதிரியில் சிடி 30 காட்டுவதைவிட ஏறக்குறைய 1000 மடங்கு மரபுப்பொருள் இருந்திருக்கும். எனினும் ஸ்வாப் எடுத்த கை, கிட், கருவி என்று பலவற்றைப் பொறுத்து எண் மாறும் என்பதால், இரண்டு ஆய்வகங்களின் சிடியை அருகருகே வைத்து நோயின் கடுமையை அளக்கக்கூடாது. சிடியை நோயாளியிடம் தனி எண்ணாகக் கொடுப்பது குழப்பத்தையே வளர்க்கும் என்று நான் நினைக்கிறேன்.

கருவியைப் பற்றியும் ஒன்று கேட்பார்கள். பாடநூலில் மூன்று வெப்பநிலை இருக்க, பெருக்கத்தை உடனுக்குடன் காட்டும் ரியல்-டைம் கருவியின் திரையில் பெரும்பாலும் 95, 60 என்ற இரண்டு மட்டும் சுழல்வது ஏன்? ப்ரோப் (இலக்கைக் கண்டு ஒளிரும் சிறு துண்டு) பயன்படுத்தும் முறையில் ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ இழை) ஒட்டுவதும் இழை நீள்வதும் 60 டிகிரியிலேயே நடந்துவிடுகின்றன. டெங்கு, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இதற்கு முன்பு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படி ஒன்று உண்டு. டிஎன்ஏ வைரஸான ஹெபடைடிஸ்-பிக்கு அது வேண்டியதில்லை.

மைக்ரோபிப்பெட்டைத் தினமும் நீரில் பழகுங்கள்: முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். மையவிலக்கியில் குழாய்களை எதிரெதிராகச் சம எடையில் வைக்கவும் மறக்காதீர்கள். கடைசியாக மேசையைத் துடைக்கும்போது கவனம் தேவை. பிரித்தெடுப்புக் கிட்டில் செல்களை உடைக்க உதவும் லைசிஸ் பஃபரில் பெரும்பாலும் குவானிடின் உப்பு இருக்கும். அதன் மேல் ஹைப்போகுளோரைட்டை (பிளீச்) ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். சிந்தியதை முதலில் சோப்பு நீரால் துடைத்தெடுத்து, அதன் பிறகே ஹைப்போகுளோரைட் போட வேண்டும்.