ஆள் பிரிக்கும் நாள்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் காலை நேரத்தில் நிறுவனப் பஸ்களிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால், மென்பொருள் துறையில் பெண்களுக்குப் பஞ்சமில்லை என்றே தோன்றும். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்குப் பாதி பெண்களாக இருந்த ஆண்டுகளும் உண்டு. சிக்கல் தொடங்குவது, பயிற்சி முடிந்து ஆட்களை ப்ராஜெக்ட்டுகளுக்குப் பிரிக்கும் நாளில்.

அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எக்செல் தாளில் பெயர்கள் ஓடும். "இந்தப் பெண்ணை டெஸ்டிங்கில் போடுங்கள், அலைச்சல் இருக்காது. சப்போர்ட்டுக்கு அந்தப் பையன், இரவில் கூப்பிட்டாலும் வருவான்" என்பார் ஒருவர். டெஸ்டிங் என்றால் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது; சப்போர்ட் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் மக்கர் செய்தால் சரிசெய்வது. கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. அவரே இரண்டு பெண்களைப் பெற்றவராக இருப்பார். திட்டுகிறவரை எதிர்த்துப் பேசலாம். அக்கறைப்படுகிறவரிடம் என்ன பேசுவது?

பெண்களுக்குப் பொறுமை அதிகம், அதனால் டெஸ்டிங்தான் பொருத்தம் என்ற வாதமும் வரும். 1940களில் அமெரிக்காவின் எனியாக் கணினிக்கு முதலில் நிரலமைத்த (புரோகிராம் எழுதிய) ஆறு பேரும் பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, நிரலமைப்பது குமாஸ்தா வேலை என்று நினைத்த காலம் அது. நிரலில் காசும் பேரும் வந்த பிறகு, பொறுமை டெஸ்டிங்கிற்குக் குடிபெயர்ந்துவிட்டது போலும். (டெஸ்டிங் மட்டமான வேலை என்று சொல்லவரவில்லை. நல்ல டெஸ்டரிடம் மாட்டிய, நிரல் எழுதும் டெவலப்பரைக் கேட்டுப் பாருங்கள்.)

ஆனால் சப்போர்ட்டில் நடப்பது வேறு. வெளிநாட்டு வங்கி ஒன்றின் இரவுக் கணக்கு முடிப்பு பாதியில் நின்றுவிட்டால், அந்நேரத்தில், நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் லாக் கோப்பைத் திறந்து, எந்த நிரல் எந்தத் தரவு அட்டவணைக்காகக் காத்து நிற்கிறது என்று துருவுகிறவனுக்கு அந்த மென்பொருள் அத்துப்படியாகிவிடுகிறது. வாடிக்கையாளர் அவன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ஆன்சைட்டுக்கு, அதாவது வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் வேலை பார்க்க, அவன்தான் போகிறான். வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் "அவனுக்கு சிஸ்டம் தெரியும்" என்கிறோம். தெரிந்துகொள்ள யாரை விட்டோம் என்ற பேச்சே எழுவதில்லை.

2017இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்ல சட்டம், ஆனால் அத்தனை வாரச் சம்பளமும் நிறுவனத்தின் தலையில். கல்யாணப் பத்திரிகை வைத்த பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு மேலாளர் பென்சிலால் கேள்விக்குறி போட்டதைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகை வைத்த பையனுக்கு வாழ்த்து மட்டும்தான்.

இப்போது எங்கள் குழுவில் இரவு அழைப்பு வார முறைப்படி எல்லோருக்கும் வரும். முடியாதவர்கள் சொல்லலாம். முதலில் விலக்குக் கேட்டு வந்தவன் கைக்குழந்தைக்காரனான ஒரு பையன். கொடுத்தோம்.