வாழைமர நோட்டு

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பத்து வெள்ளி நோட்டு இருந்தது. அதில் வாழைமரம் போட்டிருக்கும். மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் ஜப்பான்காரன் அடித்தது. 1945 ஆகஸ்டில் அவன் சரணடைந்ததும் சுண்டல் மடிக்கக்கூட ஆகாமல் போனது. சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறோம்.

1939இல் பினாங்குக்குப் போனவர் தாத்தா. ஒரு செட்டியார் மார்க்காவில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடி என்ற கடைப் பையன், பிறகு ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்பியிருக்க வேண்டும். யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனதால் 1946இல்தான் வந்தார். நடுவில் நடந்ததை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் மூடி வைத்தவன் நான். எடுத்த எடுப்பில் சுமத்ராவின் மெடான் நகரம், கெர்க் ஸ்ட்ராட் என்ற தெரு, ஜப்பானியப் படை நுழைவதைப் பார்க்க நிற்கும் கூட்டம். யார் யாரென்று பிடிபடாது. போன மாதம் வீடு மாற்றும்போது அந்த நோட்டு மறுபடி கையில் அகப்பட்டது. அந்த வாரம் நாலாவது தடவை எடுத்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் போனது.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், 1920இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் மெடானுக்கு வேலைக்குப் போனார். 1946இல் திரும்பி, மதுரை தினத்தந்தியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாளாக இருந்து 1997இல் இறந்தார். எழுதியது இரண்டே நாவல். முதலாவதான ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு வாங்கியது. ‘புயலிலே ஒரு தோணி’ பல வருஷம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1972இல்தான் அச்சேறியது.

யுத்தத்தைப் பட்டாளத்துக்காரன் எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். இதில் பார்ப்பவன் வட்டிக்கடையில் வளர்ந்த பாண்டியன். நகரம் கைமாறும்போதும் கணக்குப் புத்தி அவனை விட்டுப் போவதில்லை. கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டிப் பார்வைக்கு வைக்கும் இடத்தில்கூட எழுத்தில் நடுக்கம் இல்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் சேர்த்தே எழுதிவிட்டுப் போகிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மலாக்கா நீரிணையில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் இடம் வேறு ரகம். வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைந்து, வாசிக்கிறவனுக்கும் மூச்சு முட்டும். அப்புறம் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும் ‘தமிழ்ப் பேரவை’ அத்தியாயம். பேருந்தில் படித்தால் சிரித்து மானம் போகும், ஜாக்கிரதை.

குறையும் உண்டு. பெண்கள் வந்து போகிறார்களே தவிர யாரும் மனதில் நிற்கவில்லை. பாண்டியன் சாகசக்காரனாகும் பகுதிகளில் சினிமா வாசனை அடிக்கிறது. ஆனால் குடிபோதையில் சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும் அவன் நினைப்பில் வரிசை கட்டி வரும்போது அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

புயல் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எங்க அய்யா ஊருக்கு வந்த கப்பலப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான்டா சொன்னாரு.”

“என்னப்பா?”

“சோறு ஒருநாளும் சரியா வேகலையாம்.”