சைலம் தமனி அல்ல

காசித்தும்பைத் தண்டு ஒன்றை வெட்டிச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி வைத்திருந்தேன். ஒளி ஓரளவு ஊடுருவும் தண்டு அது என்பதால், சிவப்புக் கோடுகள் மெல்ல மேலேறுவதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. பிறகு பிளேடால் தண்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிக் கைலென்சை வைத்துப் பார்த்தேன். நிறம் தண்டு முழுவதும் பரவியிருக்கவில்லை. விளிம்பை ஒட்டி வளையமாக அமைந்த சில கற்றைகளில் மட்டும், அதுவும் ஒவ்வொரு கற்றையின் உட்பக்கத்தில் மட்டும், புள்ளி வைத்தாற்போல் சிவந்திருந்தது. சிவந்த உட்பக்கம், வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்லும் சைலம்; அதே கற்றையில் நிறமேறாமல் நின்ற வெளிப்பக்கத்தில் இருப்பது, சர்க்கரைச் சாற்றைக் கொண்டு செல்லும் ஃபுளோயம்.

பள்ளியில் இந்த இரண்டையும் “சைலம் தமனி போன்றது, ஃபுளோயம் சிரை போன்றது” என்று மனப்பாடம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அந்த ஒப்புமை ஏறத்தாழ எல்லா வகையிலும் பிழையானது என்பதே என் கருத்து.

முதலில் இரத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் வரும். உடலில் உள்ள மொத்த இரத்தமே அவ்வளவுதான். இவ்வளவு இரத்தம் ஓயாமல் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்க முடியாது, எனவே போனதே திரும்பி வரவேண்டும் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வாதிட்டதும் இத்தகைய ஒரு கணக்கைக் கொண்டுதான். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய தந்துகிகளை அவர் கண்ணால் கண்டதில்லை; 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டு காட்டினார்.

தாவரத்தில் அப்படியொரு சுற்று இல்லை. இதை அளந்து பார்த்தவர் ஆங்கிலேயப் பாதிரியாரும் ஆய்வாளருமான ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் எழும்புவதைப் பதிவு செய்தவரும் அவரே. சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு திரும்பத் திரும்ப எடைபோட்டு, அது இழக்கும் நீரைக் கணக்கிட்டு 1727-இல் வெளியிட்டார்; சம பருமனுக்கு ஒப்பிட்டால் மனிதனை விட அது 17 மடங்கு நீரை வெளியேற்றுகிறது என்று கண்டார். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது, அது திரும்பி வருவதில்லை.

அடுத்த வேறுபாடு இன்னும் ஆழமானது. இரத்தம் பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. சைலத்தில் நீர் மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் அறுபடாமல் மேலே வருகிறது என்று 1894-இல் அயர்லாந்து அறிவியலாளர்கள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. உறிஞ்சு பம்பு ஒன்றால் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை இழுக்க முடியாது என்ற நிலையில், 115 மீட்டரைத் தாண்டிய கலிஃபோர்னிய ரெட்வுட் மரங்களின் உச்சி இலை வாடாமல் நிற்பது இந்த இழுவிசையால்தான்.

தள்ளப்படும் குழாய்க்கு வெடித்துவிடும் அபாயம். இழுக்கப்படும் குழாய்க்கு உள்நோக்கி நசுங்கிவிடும் அபாயம். தமனியின் சுவரில் மீள்தன்மையுள்ள நார்களும் மென்தசையும் இருப்பதும், சைலக் குழாய்ச் சுவரின் உட்புறம் லிக்னின் என்ற கடினப் பொருள் வளையங்களாகவும் சுருள்களாகவும் தடித்திருப்பதும் இதனால்தான். ஆகவே சைலத்துக்கு நம் உடலில் உவமை தேடினால் தமனியிடம் போகக்கூடாது, குருத்தெலும்பு வளையங்களால் நசுங்காமல் காக்கப்படும் மூச்சுக்குழாயிடம்தான் போகவேண்டும். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. பூச்சிகளின் மூச்சுக்குழல்களில் உள்ள சுருள்களைப் போலவே இருக்கிறதே என்று வியந்து, இக்குழாய்களுக்கு ‘ட்ரக்கியா’ என்ற அதே பெயரைச் சூட்டியவர் மால்பிகி. அவை காற்றுக்குழாய்கள் என்று அவர் எண்ணியது பிழை. ஆனால் வடிவத்தை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். சைலத்தில் நீரைக் கடத்தும் ஒருவகைச் செல்லைக் குறிக்கும் ட்ரக்கீடு என்ற சொல்லில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேலைக்கு வரும்போது சைலக் குழாயின் செல்கள் உயிரோடு இருப்பதில்லை. சுவரைக் கட்டி முடித்ததும் உள்ளிருப்பதைத் தாமே கரைத்துவிட்டுச் செத்துப்போகின்றன. எஞ்சும் வெற்றுக்கூடுதான் நீர்வழி. ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்லோ பாதி வழியில் நின்றுவிடுகிறது: உட்கருவை இழக்கிறது, ஆனால் உயிரை இழப்பதில்லை. நம் சிவப்பணுவும் அப்படித்தான், எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே உட்கருவைத் துறந்துவிடுகிறது. ஆனால் சிவப்பணுவைப் பராமரிக்க ஆள் இல்லை என்பதால் சுமார் 120 நாட்களில் அதன் கதை முடிகிறது. சல்லடைச் செல்லுக்கோ, ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிரிந்த துணைச்செல் பக்கத்திலேயே இருந்து வேண்டியதை எல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பனை வகை மரங்களில் இச்செல்கள் பல பத்தாண்டுகள் இயங்குகின்றன.

ஃபுளோயம் சிரை போன்றது என்பதும் நிற்காது. சிரை எப்போதும் இதயத்தை நோக்கியே செல்லும் என்றால், ஃபுளோயம் சர்க்கரை மிகுந்த இடத்திலிருந்து அது தேவைப்படும் இடத்துக்குச் செல்கிறது; முளைவிடும் கிழங்கிலிருந்து மேல்நோக்கியும், முதிர்ந்த இலையிலிருந்து வேரை நோக்கியும். நம் உடலில் இதற்கு ஓரளவு அருகே வருவது, குடல் உறிஞ்சிய உணவைக் கல்லீரலில் சேர்க்கும் போர்ட்டல் சிரை மட்டுமே. விசை வரும் வழியும் வேறு. சர்க்கரை ஏற்றப்பட்ட செல்லுக்குள் சவ்வூடு பரவலால் நீர் புகுந்து, அழுத்தம் உயர்ந்து, சாறு நகர்கிறது என்று 1930-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் மூன்ஷ் விளக்கினார். அந்த அழுத்தம் 10 வளிமண்டலம் அளவுக்கும் போகும். நம் தமனியின் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தைப் போல் இது ஐம்பது மடங்குக்கும் மேல்!

இதற்கு நல்ல சாட்சி அசுவினிப் பூச்சி. அதன் ஊசி போன்ற வாயுறுப்பு ஒரேயொரு சல்லடைச் செல்லைக் குத்தி நிற்கும் நேரத்தில் பூச்சியின் உடலை மட்டும் வெட்டி அகற்றினாலும், எஞ்சிய ஊசியின் நுனியில் சர்க்கரைச் சாறு மணிக்கணக்கில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். உறிஞ்சுவதற்கு அங்கே யாருமே இல்லாதபோதும்.