ஞாயிறு இரவு எட்டேகால்

ஹாம்பர்க் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "தொலைக்காட்சி பாருங்கள், குழந்தைகள் நிகழ்ச்சியில் தொடங்குங்கள்" என்றார் ஜெர்மன் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆரஞ்சு நிற எலி ஒன்று வரும் நிகழ்ச்சி. 1971 முதல் ஓடுகிறது. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் தொடங்கிவிட்டது. குரல் பேசுகிறது, பேசுகிறது, ஒரு சொல்கூடப் புரியவில்லை. வகுப்புக்குக் கட்டிய பணம் கண்முன் வந்து நின்றது. கடைசியில் அந்தக் குரல், "இது போர்த்துகீசிய மொழி" என்றது. அதுமட்டும் ஜெர்மனில்! முன்னுரையை ஜெர்மனில் சொல்லிவிட்டு, மறுபடியும் ஏதாவதோர் அயல்மொழியில் சொல்வது அவர்கள் வழக்கமாம்.

எதிர்வீட்டு மூதாட்டியிடம் புலம்பினேன். "எலியை விடுங்கள். இரவு 'டாட்ஓர்ட்' பார்க்க வாருங்கள்" என்றார். 1970 நவம்பரில் தொடங்கிய துப்பறியும் தொடர் அது. எட்டு மணிச் செய்தி முடிந்ததும் 8.15க்கு ஒரு கொலை. ஒன்றரை மணி நேரத்தில் விசாரணை முடிந்துவிடும். ஊருக்கு ஊர் தனிப் போலீஸ்காரர்கள், வாரத்துக்கு ஓர் ஊர். இரண்டு கண்கள், குறிவட்டம், ஓடும் கால்கள் என்று தொடக்கக் காட்சி வந்தபோது மூதாட்டியின் தொலைபேசி அடித்தது. "என் மகளாக இருக்காது. அவளுக்கு நேரம் தெரியும்" என்று சொல்லி, எடுக்கவே இல்லை.

திரையில் பிணவறை. என் முன்னே பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. "சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்" என்று உபசாரம் வேறு. அந்த வாரம் வியன்னா முறை; பேச்செல்லாம் ஆஸ்திரிய வட்டார ஜெர்மன். பத்து நிமிடம் போனதும் மூதாட்டி ரிமோட்டை எடுத்து, தொலைக்காட்சியின் எழுத்துச் சேவையான டெலிடெக்ஸ்டில் 150ஆம் பக்கத்தை அழுத்தி வசனங்களை எழுத்தில் வரவழைத்தார். "இவர்கள் பேசுவது எனக்கும் புரியாது" என்று என் வயிற்றில் பால் வார்த்தார்.

ஆறு மாதத்தில் பிணம், கைரேகை, சந்தேக நபர் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் சொல் அத்துப்படி. வெங்காயத்தை மட்டும் இன்னும் விரலால் காட்டித்தான் வாங்குகிறேன்.

போன வாரம் ஹீட்டர் பழுது. காலை 8 முதல் 12க்குள் வருவதாகச் சொன்ன மெக்கானிக் மறுநாள்தான் வந்தார். கதவைத் திறந்ததும் என் வாயில் வந்தது எனக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியம்: "நேற்று 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையே நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

அவர் கருவிப்பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். "என் வக்கீல் வராமல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."