தூளுக்கு ஆள் தேடிய நாட்கள்

2025 ஜனவரி 20, திங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எட்டுக் கடைகளுக்கு நானே ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக் கறித்தூளைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். மழை வந்தால் பெட்டிகளுக்குப் பொலித்தீன், எனக்கு ஒன்றுமில்லை. இப்போது கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் கேட்கிறார்கள். இனி விநியோகஸ்தர் இல்லாமல் சரிவராது.

ஜனவரி 23, வியாழன்

புறக்கோட்டை, நாலாம் குறுக்குத் தெரு. வெங்காய மூட்டையோடு ஓடும் நாட்டாமிகளுக்கு வழிவிட்டு விட்டே ஒரு பெரிய ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி பிளேன்டீ தந்தார். பிறகு கேட்டார்: அவருக்கு 18 வீதம், 60 நாள் கடன், நாடு முழுக்க அவருக்கு மட்டுமே விற்கும் உரிமை.

இரவு கணக்குப் போட்டேன். 250 கிராம் பைக்கெட்டின் விலை 600 ரூபா. கடைக்காரருக்கு 15 வீதம் விட்டால் 510. அதில் இவருக்கு 18 வீதம் போனால் என் கைக்கு 418. அடக்கமே 390. மிச்சம் 28 ரூபா, அதுவும் இரண்டு மாதம் கழித்து. மிளகாயோ கைக்காசுக்குத்தான் வாங்குகிறேன்.

புறப்படும்போது சொன்னார்: "தங்கச்சி, உங்கட தூளின்ர பெயரையும் நானே என்ர பெயரில பதிஞ்சு விடுறன். உங்களுக்கு அலைச்சல் இல்லை."

எவ்வளவு நல்ல மனசு! பெயர் அவரிடம் போனால் எனக்கு மிஞ்சுவது தூள் மட்டும். அதை நாளைக்கு அவர் யாரிடமும் அரைப்பித்து அதே பெயரில் விற்கலாம்.

ஜனவரி 28, செவ்வாய்

தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் என் தூளின் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிய விண்ணப்பம் போட்டாயிற்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முதல் பைக்கெட் விற்ற அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

பெப்ரவரி 5, புதன்

கொட்டாஞ்சேனையில் ஒரு அண்ணையைப் பார்த்தேன். ஒரு வான், ஒரு ட்ரைவர், கடைகளுக்குச் சரக்குப் போட ஒரு ரெப், அவ்வளவுதான். சவர்க்காரம், பிஸ்கட், நெருப்புப்பெட்டி ஏற்றுகிறார். வேறு யாருடைய தூளும் இப்போது இல்லை. முந்தி ஒன்று இருந்ததாம். அந்தத் தூள்காரரையே தேடிப்பிடித்துக் கேட்டேன். "செக் ஒருநாளும் திரும்பேல்லை. ஆனா ரிட்டர்ன்தான் தாங்கேலாது" என்றார்.

பெப்ரவரி 7, வெள்ளி

ரிட்டர்ன் ஏன் வருகிறது என்று பார்க்க அந்த வானிலேயே ஏறினேன். தெஹிவளையில் மூன்றாவது கடை. வாசலில், நேர் வெயிலில், ஏதோ ஒரு மிளகாய்த்தூள் சரமாகத் தொங்கியது. முன்பக்கம் வெளிறிச் செங்கல் பொடிபோல இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நல்ல சிவப்பு. ரெப் புதுச் சரத்தைப் பழையதற்கு மேலேயே கொழுவிவிட்டு பில் எழுதினான். அடியில் கிடப்பது திகதி முடியும்வரை அங்கேயே கிடக்கும், பிறகு ரிட்டர்ன் என்று தயாரித்தவர் தலையில் விழும்.

இப்படி வரும் ரிட்டர்ன் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்று அண்ணையிடம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கினார். அப்புறம், "சரி, எழுதிப்போடுங்கோ" என்றார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பாணந்துறைப் பக்கம் மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க மின்சாரம் இல்லை. அரைக்கவும் வழியில்லை, ஒப்பந்தம் எழுதவும் மனமில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

புதுக்கடைச் சட்டத்தரணி அக்கா என் ஒப்பந்த வரைவை வாசித்துச் சிரித்தார். "விலையை நாலு இடத்தில எழுதியிருக்கிறீர், பிரிஞ்சா என்ன செய்யிறதெண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

இரண்டு மணித்தியாலம் அதற்கே போனது. அண்ணைக்கு 10 வீதம், அதாவது எனக்கு 459. கடன் 30 நாள். பழைய பில் தீராமல் புதுச் சரக்கு இல்லை. உரிமை கொட்டாஞ்சேனைப் பக்கம் கொழும்பு 13 முதல் 15 வரையும் தெஹிவளையும் மட்டும். வெள்ளவத்தைக் கடைகள் என்னிடமே. மாதம் 600 பைக்கெட் எடுக்க வேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் தனி உரிமை தானாக நீங்கும். பைக்கெட்டின் ஒட்டு விட்டிருந்தால் ரிட்டர்ன் என் பொறுப்பு, வெயிலில் வெளிறியதும் அடியில் கிடந்து திகதி முடிந்ததும் அவர் பொறுப்பு. விலக 60 நாள் அறிவித்தல். அன்று ஸ்டோரில் இருக்கும் நல்ல சரக்கை வாங்கின விலைக்கே நான் திருப்பி எடுப்பேன்.

செக் திரும்பினால்? 1990ஆம் ஆண்டுக் கடன் மீட்புச் சட்டத்தைச் சொன்னார். போதிய காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது அதன்படி குற்றம். "வழக்குப் போடலாம். ஆனா வழக்கை நம்பிச் சரக்குக் குடுக்காதீர்."

மார்ச் 6, வியாழன்

அண்ணை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். வெயில் வரியில் நின்று, "என்ர ரெப் பையனுக்காகத்தானே இது?" என்றார். ஆமென்றேன். கையெழுத்து வைத்தார்.

மாதம் 600 பைக்கெட் என்றால் 150 கிலோ. அம்மாவின் தாச்சியில் ஒரு தடவைக்கு 3 கிலோதான் வறுக்கலாம். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.